வீடியோ திக்கினால் கோடெக் பேக் போடாதீர்கள்

வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறதா, கோடெக் பேக் போடு. அதற்கும் மசியவில்லையா, ஃபார்மட் அடி. அப்படியும் சரியாகவில்லையா, மெஷின் பழசு, வேறு வாங்கு. வீட்டுக் கணினியில் படம் இழுத்து இழுத்து ஓடுகிறது என்று யாரிடம் போய் நின்றாலும் கிடைக்கும் பதில் இந்த மூன்று வரியைத் தாண்டுவதில்லை. சர்வீஸ் கடைக்காரர் சொல்கிறார், கணினி ஆசிரியர் சொல்கிறார், பொறியியல் படிக்கும் அண்ணன் மகனும் சொல்கிறான். சென்னை ரிச்சி தெருவில் இதைக் கேட்டால் நட்டம் பெரிதில்லை, பத்தடி தள்ளி அடுத்த கடை இருக்கிறது. ஜவ்வாது மலை மேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் இதே பதிலைக் கேட்டால் கணக்கே வேறு. சுற்றியுள்ள குக்கிராமங்களிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு வந்து சேர்வதே ஒரு வேலை. அங்கும் ஆகாமல் போளூருக்கோ, ஆலங்காயம் வழியாகத் திருப்பத்தூருக்கோ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், கடைசியில் டிஸ்க்கில் இருந்ததெல்லாம் துடைக்கப்பட்டுத் திரும்பும். வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்த்தால் படம் மறுபடியும் திக்கும். அந்த மூன்று வரியும் தவறு. கொஞ்சம் கவனக்குறைவான தவறு என்று விட்டுவிட முடியாது. கோளாறு எங்கே இருக்கிறது என்பதையே மறைக்கிற தவறு.

முதலில் அந்தக் கருத்துக்குரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். அது ஆகாயத்திலிருந்து விழவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வந்தது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகள் சிடியில் கைமாறிய படங்கள் பெரும்பாலும் டிவ்எக்ஸ், எக்ஸ்விட் வகை. விண்டோஸ் மீடியா பிளேயரில் போட்டால் சத்தம் வரும், படம் வராது. அல்லது இரண்டுமே வராது. எம்கேவி ஃபைலைத் தானாகத் திறக்க விண்டோஸுக்கு 2015-இல் விண்டோஸ் 10 வரவேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் கே-லைட் போன்ற ஒரு பேக்கைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் படம் ஓடியது. அது மெய்யான கோளாறு, மெய்யான தீர்வு. அப்போது தொழில் கற்றவர்கள் அதைக் கைப்பாடமாக வைத்துக்கொண்டதில் வியப்பில்லை. இன்னொன்றும் உண்டு. ஃபார்மட் அடித்து ஓஎஸ் போடுவது இவ்வளவு நேரம், இவ்வளவு ரூபாய் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடிய வேலை. அரை மணி உட்கார்ந்து காரணம் தேடிக் கண்டுபிடித்து, ஒரே ஒரு டிக்கை எடுத்துவிட்டுக் காசு கேட்டால் வாடிக்கையாளர் முறைப்பார். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குக் கூலி கிடைக்கிற வேலையை அவர் செய்கிறார். ஆனால் பழைய கோளாறுக்கான பதிலை வேறொரு கோளாறுக்குச் சொல்லும்போது அது பொய்யாகிவிடுகிறது. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஓடாததும் திக்குவதும் ஒன்றா? இந்தக் கேள்வியைக் கேட்டாலே கோடெக் பேக் வாதத்தின் பாதி சரிந்துவிடும். சுருக்கி வைத்த படத்தை விரிக்கும் நிரல்துண்டுதான் டிகோடர். அது இல்லையென்றால் படமே வராது. கறுப்புத் திரை, பிழைச் செய்தி, வெறும் சத்தம், இவைதான் அதன் அடையாளங்கள். திக்கித் திக்கியாவது படம் தெரிகிறது என்றால் டிகோடர் இருக்கிறது, வேலையும் செய்கிறது, நேரத்துக்குள் முடிக்கவில்லை என்று பொருள். நொடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவில் ஒரு பிரேமுக்கு 40 மில்லிநொடிதான் கிடைக்கும். செல்போனில் நொடிக்கு 60 பிரேமாக எடுத்த வீடியோவென்றால் 17 மில்லிநொடிகூடக் கிடையாது. ஒரு பிரேமை விரிக்க அதைவிடக் கூடுதல் நேரம் பிடித்தால் பிளேயர் அந்தப் பிரேமைக் கைவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறது. ஒலியை விரிப்பது மிகச் சிறிய வேலை. பெரும்பாலான பிளேயர்கள் ஒலியையே கடிகாரமாக வைத்துக்கொண்டு படத்தை அதன் பின்னால் இழுக்கின்றன. அதனால்தான் பாட்டு தடையில்லாமல் ஓட, ஆடுகிறவர் மட்டும் கட்டம் கட்டமாகத் தாவுகிறார். இல்லாததைக் கொண்டுவந்து சேர்ப்பது கோடெக் பேக்கின் வேலை. இருப்பது மெதுவாக ஓடுகிறது என்ற புகாருக்கு அதில் என்ன பதில் இருக்க முடியும்?

2. அந்தப் பேக் போய் உட்காரும் இடம் எது? இதைக் கேட்காமலே போட்டுக்கொண்டிருக்கிறோம். விண்டோஸில் டைரக்ட்ஷோ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. கோடெக் பேக் தன் சரக்கையெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் பதிவு செய்கிறது. அந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தும் பிளேயர்களுக்கு மட்டுமே அது கண்ணில் படும். நம் ஊரில் எல்லார் கணினியிலும் இருப்பதோ விஎல்சி. பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கி, 2001-இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்ட அந்தப் பிளேயர் தனக்கு வேண்டிய டிகோடர்களைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. கணினியில் என்ன கோடெக் பதிந்திருக்கிறது என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. யூடியூப் பார்க்கும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளும் அந்தப் பக்கம் போவதில்லை. ஆகவே, விஎல்சியில் படம் திக்குகிறது என்பதற்காகக் கோடெக் பேக் போடுவது, அது நல்ல பேக்கோ கெட்ட பேக்கோ, எந்த விளைவையும் தர முடியாத காரியம். மறுப்பவர்களுக்கு இன்னொரு சான்று. தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குத் தந்த விலையில்லா மடிக்கணினிகளில் தொடக்க ஆண்டுகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்த இயங்குதளத்தில் கோடெக் பேக் என்ற கலாச்சாரமே கிடையாது. மோதிக்கொள்ள இரண்டு பேக்குகள் இல்லை. அங்கும் கனமான வீடியோ திக்கத்தான் செய்யும். கோடெக் மோதலே இல்லாத இடத்திலும் திக்கல் இருக்கிறதென்றால் திக்கலுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

3. கெடுதல் இல்லையே, போட்டுப் பார்த்தால் என்ன? இது கொஞ்சம் ஆபத்தான சமாதானம். டைரக்ட்ஷோவில் ஒவ்வொரு டிகோடருக்கும் முன்னுரிமை எண் ஒன்று உண்டு. ஒரு ஃபைலைத் திறந்ததும் அதை விரிக்கத் தகுதியுள்ளவற்றில் அதிக எண் கொண்டதைத்தான் விண்டோஸ் முதலில் கூப்பிடும். பேக் தயாரித்த ஒவ்வொருவரும் தன் டிகோடரே முதலில் வரவேண்டும் என்று எண்ணை ஏற்றி வைத்தார். விண்டோஸ் 7-இல் மைக்ரோசாஃப்ட் தன் டிகோடர்களை முன்னால் நிறுத்தியபோது, அதைத் தள்ளிவிடுவதற்கென்றே தனிக் கருவிகள் கிளம்பின. ஒரு கணினியில் மூன்று பேக் போட்டால் என்னாகும்? எஃப்எஃப்டிஷோ என்ற பழைய டிகோடர் முன்னால் வந்து நின்று, கிராஃபிக்ஸ் சில்லு செய்துகொண்டிருந்த வேலையைப் பிடுங்கி சிபியு தலையில் போடும். ஒலியையும் படத்தையும் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒரு பேக்கிலிருந்தும், டிகோடர் இன்னொரு பேக்கிலிருந்தும் வந்து சேரும். உதட்டசைவும் வசனமும் பிரிந்து போகும். ஒரு பேக்கை நீக்கினால் அது பதிந்து வைத்த பெயர் மட்டும் பட்டியலில் தங்கிவிட, விண்டோஸ் இல்லாத ஃபைலைத் தேடிப் பிளேயரோடு சேர்ந்து விழும். கோடெக் மோதல் என்று சொல்கிறார்களே, அது இதுதான். மோதலை உண்டாக்கியது பேக். அதற்கு மருந்தாகத் தரப்படுவதும் பேக். இது போக, 2005-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் ஸ்லாப் என்ற டிரோஜன் பரவியதே ‘இந்த வீடியோவைப் பார்க்க இந்தக் கோடெக்கைப் போடுங்கள்’ என்ற வேடத்தில்தான். கோடெக் என்ற பெயரில் எதை நீட்டினாலும் வாங்கிப் போட்டுக்கொள்ள நாம் பழகியிருந்தோம். திருடர்களுக்கு அது தெரிந்திருந்தது.

4. மெஷின் பழசு என்பது விடையா, பேச்சை முடிக்கும் வழியா? இதில் கால்வாசி உண்மை இருக்கிறது. அந்தக் கால்வாசியைச் சரியாகச் சொன்னால் முடிவு தலைகீழாகிவிடும். வீடியோவை விரிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிபியு கணக்குப் போட்டு விரிப்பது. மற்றது, கிராஃபிக்ஸ் சில்லுக்குள் அதற்கென்றே செதுக்கி வைத்த பகுதி விரிப்பது. இரண்டாவது வழியில் சிபியு ஏறக்குறைய சும்மா இருக்கும். ஆனால் அந்தச் செதுக்கிய பகுதி எந்தெந்தச் சுருக்கமுறைக்காகச் செய்யப்பட்டதோ அவற்றை மட்டுமே அறியும். பிற்பாடு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளாது. எச்.264 முறை 2003-இல் தரப்படுத்தப்பட்டது. 2011 வாக்கில் விற்ற சாதாரண லேப்டாப்களில்கூடப் பெரும்பாலும் அதற்கான பகுதி இருந்தது. எச்இவிசி எனப்படும் எச்.265 தரம் 2013-இல் வந்தது. இன்டெல் சில்லுகளில் அதை முழுமையாக விரிக்கும் பகுதி 2015-இன் ஆறாம் தலைமுறையில்தான் சேர்ந்தது. அதன் 10-பிட் வடிவமும் யூடியூபின் விபி9 முறையும் ஏழாம் தலைமுறையில்தான் முழுதாகக் கைவந்தன. 2018-இல் வந்த ஏவி1-க்கு 2020-இன் பதினொன்றாம் தலைமுறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது பாருங்கள்: 2012-ஆம் ஆண்டு லேப்டாப் ஒன்று முழு எச்டி எச்.264 படத்தை அலுங்காமல் ஓட்டும். அதே படத்தின் 10-பிட் எச்இவிசி பிரதியைப் போட்டால் சிபியு நூறு சதவீதத்தைத் தொட்டு, விசிறி இரைந்து, படம் தாவும். மெஷின் ஒன்று, படம் ஒன்று, தெளிவும் ஒன்று. மாறியது சுருக்கமுறை மட்டும். பழசுதான் காரணமென்றால் இரண்டுமே திக்க வேண்டாமா?

இங்கே ஒரு வேடிக்கை. பென்டிரைவில் படம் ஏற்றித் தருகிறவர் எந்தப் பிரதியைத் தேர்ந்தெடுக்கிறார்? சின்ன ஃபைலை. நான்கு ஜிபி எச்.264 பிரதியை விட ஒன்றரை ஜிபி எச்இவிசி பிரதி இடத்தை மிச்சப்படுத்தும். பழைய லேப்டாப்புக்கு லேசாகவும் இருக்கும் என்று நம்புகிறார். நடப்பது நேர்மாறு. ஃபைலைக் கூடுதலாகச் சுருக்கும் புதிய முறையில், அதை விரிக்கும் கணக்கும் கூடுகிறது. சின்ன ஃபைல்தான் கனம். பெயரும் கண்ணைக் கட்டுகிறது. எம்பி4, எம்கேவி என்று முடிவதெல்லாம் தபால் உறை மாதிரி. உள்ளே இருக்கும் கடிதம் எந்த மொழியில் எழுதியது என்று உறை சொல்லாது. ‘எம்பி4 தானே, எல்லாவற்றிலும் ஓடுமே’ என்பது அதனால்தான் பொருளற்ற பேச்சு. கல்யாணத்தில் செல்போனில் எடுத்த வீடியோ போனில் நன்றாக ஓடி, லேப்டாப்பில் திக்குவதன் மர்மமும் இதுவே. 2017-இலிருந்து புதிய ஐபோன்கள் எச்இவிசியிலேயே பதிவு செய்யத் தொடங்கின; பல ஆண்ட்ராய்டு போன்களிலும் அந்த வசதி உண்டு. அதே வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கினால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஏனென்றால் வாட்ஸ்அப் அதைத் தெளிவு குறைந்த எச்.264 ஆக மாற்றி அனுப்புகிறது. லேப்டாப் மாறவில்லை, கோடெக் பேக் எதுவும் ஏறவில்லை.

5. ரேம் பத்தவில்லை, பென்டிரைவ் ஸ்லோ என்பார்கள். எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுவோம். முழு எச்டி பிரேம் ஒன்றில் 1920 பெருக்கல் 1080, ஏறக்குறைய 21 லட்சம் புள்ளிகள். வழக்கமான 8-பிட் வீடியோவில் புள்ளிக்கு ஒன்றரை பைட் என்று வைத்தால் பிரேமுக்கு 3 எம்பி சொச்சம். பதினாறு பிரேம்களை ஒருசேர நினைவில் வைத்திருந்தாலும் 50 எம்பிதான். 2 ஜிபி ரேம் உள்ள மெஷினில் உலாவியும் இருபது டேபும் திறந்திருந்தால் நெருக்கடி வரும். அதை மூடிவிட்டு ஒரு படத்தை மட்டும் ஓட்ட அந்த ரேம் தாராளம். பென்டிரைவ் கதையும் அப்படியே. ஒன்றரை ஜிபி ஃபைல் இரண்டு மணி நேரம் ஓடுகிறதென்றால் நொடிக்குப் படிக்க வேண்டியது கால் எம்பிகூட இல்லை. மட்டமான யூஎஸ்பி 2.0 பென்டிரைவ்கூட நொடிக்குப் பத்து எம்பி படிக்கும். பழுதான பென்டிரைவ் தடுமாறும், அது வேறு விஷயம். அப்போது படத்தோடு சத்தமும் சேர்ந்து நின்று நின்று வரும்.

6. ஃபார்மட் அடித்தால் எல்லாம் புதுசாகிவிடுமே? புதுசாகும், கிராஃபிக்ஸ் டிரைவரும் போய்விடும். விண்டோஸைத் துடைத்துப் போட்டதும் அது தன்னிடமுள்ள பொதுவான டிஸ்ப்ளே டிரைவரை வைத்துத் திரையைக் காட்டத் தொடங்கும். ஐகான் தெரிகிறது, எழுத்து தெரிகிறது, மெஷின் தயார் என்று நினைத்து ஒப்படைத்துவிடுகிறார்கள். அந்தப் பொது டிரைவருக்கு வீடியோ விரிக்கும் பகுதியை எழுப்பத் தெரியாது. நல்ல நெட் உள்ள ஊரில் விண்டோஸ் அப்டேட் ஓரிரு மணியில் சரியான டிரைவரைத் தானே தேடிப் போட்டுவிடும். அதனால் சமவெளியில் இந்தத் தவறு யாருக்கும் தெரிவதில்லை. சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்க வேண்டிய மலைக் குக்கிராமத்தில் அந்த அப்டேட் எப்போது வந்து சேரும்? ஆக, நேற்று வரை எச்.264 படத்தையாவது ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருந்த லேப்டாப், ஃபார்மட்டுக்குப் பிறகு அதையும் திக்கவைக்கிறது. ‘அப்பவே சொன்னேன், மெஷின் பழசு’ என்று மூன்றாம் வரிக்கு வந்துவிடுகிறார்கள். மூன்றாம் வரிக்குத் தேவையான சான்றை இரண்டாம் வரியே தயாரித்துக் கொடுக்கிறது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அங்கே இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்ற பெயர் எதுவும் இல்லாமல் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்றிருந்தால், ஃபார்மட் அடித்தவர் வேலையை முடிக்காமல் காசு வாங்கியிருக்கிறார்.

7. யூடியூப் திக்கினால் நெட் ஸ்லோவா? சில நேரம் ஆம், பல நேரம் இல்லை, பிரித்தறிவது எளிது. நெட் பத்தவில்லையென்றால் வட்டம் சுற்றும், படமும் சத்தமும் ஒன்றாக நிற்கும். வட்டம் இல்லாமல் சத்தம் சீராக ஓடிப் படம் மட்டும் தாவினால் நெட்டைத் திட்டிப் பயனில்லை. யூடியூப் ஒரே வீடியோவை எச்.264, விபி9, ஏவி1 என்று பல வடிவங்களில் வைத்திருக்கிறது. தன் நெட் செலவைக் குறைக்கும் புதிய வடிவத்தை முன்னால் தள்ளுகிறது. உங்கள் சில்லுக்கு அது தெரியாவிட்டால் சிபியு மாட்டிக்கொள்ளும். வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து, ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்பதைத் திறந்தால் எந்த வடிவம் வருகிறது, எத்தனை பிரேம் கைவிடப்பட்டது என்று ஓடிக்கொண்டே இருக்கும். எச்.264-ஐ மட்டும் கேட்டு வாங்க உலாவியில் எச்264இஃபை போன்ற சிறு நீட்சிகள் இருக்கின்றன. தெளிவை 480-க்கு இறக்கினாலும் போதும். இதில் நெட் பேக்கை உயர்த்தி ரீசார்ஜ் செய்வதற்கு எந்த வேலையும் இல்லை.

‘போட்டதும் ஓடியதே, என் கண்ணால் பார்த்தேன்’ என்பவர்களுக்கு என்ன பதில்? அவர்கள் பொய் சொல்லவில்லை. இன்றைய கே-லைட் பேக், பழைய காலத்துக் குப்பைக் கூடையாக இல்லை. எல்ஏவி என்ற ஒரே டிகோடர் குடும்பத்தை மையமாக வைத்திருக்கிறது. முன்பு போட்ட பேக்குகளின் உடைந்த பதிவுகளைக் கண்டுபிடித்து நீக்கும் கருவியும் அதில் உண்டு. மிக முக்கியமாக, எம்பிசி-எச்சி என்ற லேசான பிளேயர் அதோடு வருகிறது. அந்தப் பிளேயர் கிராஃபிக்ஸ் சில்லைப் பயன்படுத்திப் படத்தை ஓட்டுகிறது. முன்பு ஓட்டிய பிளேயரில் அந்த வசதி அணைந்திருந்தது. ஓடியதற்குக் காரணம் பிளேயர் மாறியது. பெயர் வாங்கிக்கொண்டது பேக். இதைப் பிரித்துப் பார்க்காததால் அடுத்த மெஷினில், அடுத்த கோளாறில், அடுத்த பேக்கைத் தேடுகிறோம்.

சாதாரண ஆள் இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்பது அடுத்த மறுப்பு. ஃபார்மட் அடிக்க நேரம் இருக்கிறவருக்கு இதற்கும் இருக்கும். விஎல்சியில் படம் ஓடும்போதே கன்ட்ரோல் விசையோடு ஜே-யை அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் கோடெக் என்ற வரியில் எச்264 என்றோ எச்இவிசி என்றோ இருக்கும். பக்கத்திலுள்ள ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தாவலில் லாஸ்ட் என்ற எண் ஏறிக்கொண்டே போனால் பிரேம்கள் விழுகின்றன. அடுத்து டாஸ்க் மேனேஜர். விண்டோஸ் 10, 11 உள்ள பல கணினிகளில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் ஜிபியு என்ற பகுதிக்குள் வீடியோ டிகோட் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். படம் ஓடும்போது அதில் கோடு எழும்பினால் சில்லு வேலை செய்கிறது. அங்கே கோடு தரையோடு கிடக்க, சிபியு கோடு உச்சியைத் தொட்டால் முழுப் பாரமும் சிபியு தலையில். விஎல்சியின் ப்ரிஃபரன்சஸில் இன்புட்/கோடெக்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் டிகோடிங் டிஸேபிள் என்றிருந்தால் ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். டிரைவர் இல்லையென்றால் டிரைவரைப் போடுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் எச்இவிசி விரியவில்லையென்றால் அந்தச் சில்லுக்கு அது தெரியாது, ஃபைலைத்தான் மாற்ற வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.264, 720 என்று தேர்ந்தெடுத்து இரவில் ஓடவிட்டால் காலையில் பிரதி தயார். இது தவிர, பேட்டரி சேமிப்பில் சிபியு வேகம் குறைவது, விசிறியில் தூசி அடைத்துச் சூடேறி வேகம் இறங்குவது என்று சில சில்லறைக் காரணங்கள் உண்டு. சார்ஜரைச் செருகியதும் திக்கல் நின்றால், படம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்தே திக்கல் ஆரம்பித்தால், அவை தாமே காட்டிக்கொடுத்துவிடும்.

புதுசு வாங்குவதே மேல் என்கிறவர்களுக்கும் ஓரிடத்தில் நியாயம் உண்டு. விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வங்கிக் கணக்கு, ஆதார் என்று நெட்டில் புழங்கும் மெஷினை மாற்ற அது ஒரு காரணம். பாடமும் படமும் பார்ப்பதற்காக மாற்று என்றால் அது காரணமில்லை. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் தம்பி தங்கைகளின் கையில் இருக்கின்றன. இவற்றுக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று கடையில் ஒருவர் சொல்லிவிட்டால் அந்தக் குடும்பம் அடுத்ததற்குப் பணம் எங்கே தேடும்? சாமை விளைச்சலும் கூலி வேலையும் நம்பியிருக்கும் வீட்டில் இருபத்தைந்தாயிரம் ரூபாய் என்பது ஒரு கோடெக்கின் விலையாக இருக்கக்கூடாது.

இத்தனைக்குப் பிறகும் பொறுப்பு முழுவதையும் பார்க்கிறவர் தலையில் வைப்பது நியாயமில்லை. 2020-இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது அரசு ஓர் ஏற்பாடு செய்தது. பிளஸ் 2 மாணவர்கள் பள்ளிக்கு வந்து ஹைடெக் லேபில் பாடக் காணொலிகளைத் தங்கள் அரசு லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்பதுதான் அது. நெட் எட்டாத மலையூர்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது, இன்றும் கிடையாது. ஆனால் அதுபோன்ற ஏற்பாட்டில் ஃபைல் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதுதான் உயிர். ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போன பின் திக்கினால் அந்த மாணவிக்கு வேறு பிரதி கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. அப்போது கோடெக் பேக் போடச் சொல்லும் ஊர், வீடியோவைத் தயாரித்தவரை ஒரு கேள்வி கேட்பதில்லை. தயாரிப்பவரிடம் புதிய மெஷின் இருக்கிறது. அவர் திரையில் எல்லாம் ஓடும். எந்த மெஷினில் பார்க்கப்படப் போகிறது என்று அவர் யோசிக்காததன் பலனை, மலை மேல் ஒரு பிள்ளை தன் லேப்டாப்பின் குறையாக ஏற்றுக்கொள்கிறது.

ஆகவே பள்ளிக்கல்வித் துறைக்கும், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குக் காணொலி தயாரித்துத் தருகிற தொண்டு அமைப்புகளுக்கும், யூடியூப் ஆசிரியர்களுக்கும் கேட்பது இதைத்தான். நீங்கள் கையில் கொடுத்தனுப்பும் ஒவ்வொரு பாடத்துக்கும் எச்.264, 8-பிட், 720 அளவு, நொடிக்கு 25 பிரேம் என்ற பிரதி ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். ஃபைல் கொஞ்சம் பெரிதாக இருக்கும். 2011-ஆம் ஆண்டு லேப்டாப்பிலும் ஓடும். சர்வீஸ் கடைக்காரர்களே, ஃபார்மட் அடிக்கும் முன் கன்ட்ரோல்-ஜே அழுத்திப் பாருங்கள். அடித்தே ஆகவேண்டுமென்றால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் போட்ட பிறகு மெஷினைக் கொடுங்கள்.